முதல் மாதச் சந்தா

காஞ்சிபுரம்
16-6-1974

அன்புள்ள மாமாவுக்கு,

அம்சவேணி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சௌக்கியமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் போகவில்லை. அலமு அத்தைக்கு வாந்தி நின்றுவிட்டதா? வேலூருக்கு வருகிறவர் யாரிடமாவது மாங்காய் கொடுத்தனுப்பட்டுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

நீங்கள் விட்டுச்சென்ற பொன்மலர் கம்பெனி நோட்டீஸை வரி விடாமல் படித்தேன். மாதம் பத்து ரூபாய், ஐம்பது மாதம். மாதா மாதம் ஒரு குலுக்கல். பெயர் விழுந்தவருக்கு ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு பொருள். அதற்குப் பிறகு அவர் கட்ட வேண்டியதில்லை. பெயர் விழாதவர்களுக்குக் கடைசியில் அவர்கள் கட்டிய ஐந்நூறு அப்படியே திரும்பி வரும். நடுவில் நிறுத்தினால் ஐம்பது மாதம் முடிகிறவரை கட்டிய பணம் வராது. சரியாகப் புரிந்துகொண்டேனா?

நம் தெருவில் ஏழு பேரைச் சேர்த்துவிட்டேன். எப்படி என்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. தறிச் சத்தம் மெதுவானால் அந்த வீட்டில் முந்தானை நெய்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டொரு நாளில் சேலையை அறுத்துவிடுவார்கள், கூலி கைக்கு வரும். பள்ளிக்கூடம் போகும்போது கேட்டு வைத்துக்கொண்டு அந்த நாளில் போகிறேன். மூன்றாவது வீட்டுத் தில்லையம்மாள், "இன்னிக்கிக் காசு வந்துச்சின்னு உனக்கு எவடி சொன்னா?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "நீ படிக்கிற பொண்ணு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கொடுத்துவிட்டார்.

இரண்டு சந்தேகங்கள். போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக்கும் நீங்கள்தானே ஏஜென்ட்? அதைவிட இது நல்லதா? யாராவது கேட்டால் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, என் வகுப்புத் தோழி சித்தாராவின் வீடு. அவளுடைய அம்மா உம்முசல்மா ரவிக்கை தைக்கிறார். மிஷின் வாடகைக்கு எடுத்தது. வாடகை கட்டிக் கட்டியே ஓய்ந்துபோகிறார். சொந்தமாக ஒரு மிஷின் வாங்குவதுதான் அவர் ஆசை. ஆனால் வட்டி வாங்குவது அவர்கள் மார்க்கத்தில் கூடாதாம், அதனால் போஸ்ட் ஆபீஸ் பக்கமே போவதில்லை. சித்தாராவின் அப்பா கலீமுல்லா பாய் மெத்தை தைக்கிறவர். பஸ் ஸ்டாண்டு கடையில் சில்லறைக்குப் பதில் ஒருமுறை லாட்டரிச் சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். "சில்லற இல்லன்னா போவுது பா, இது வேணாம்" என்று வைத்துவிட்டு வந்தார். நான் பார்த்தேன். ஆகவே குலுக்கலும் அவர்களுக்கு ஆகாது என்று நினைக்கிறேன். விட்டுவிடட்டுமா?

பத்துப் பேர் சேர்ந்தால் ஆங்கில அகராதி வாங்கித் தருவதாகச் சொன்னது நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது.

அத்தையின் உடம்பைப் பற்றி விவரமாக எழுதவும்.

உங்கள் அன்புள்ள
அம்சவேணி


வேலூர்
22-6-1974

சிரஞ்சீவி அம்சாவுக்கு,

மாமாவின் ஆசிகள். உன் அத்தை இப்போது ரசம் சாதம் சாப்பிடுகிறாள். மாங்காய் வேண்டாம், டாக்டர் திட்டுகிறார். அக்காவின் முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், வரும்போது தருகிறேன்.

தறிச் சத்தத்தை வைத்துக் கூலி நாளைக் கண்டுபிடிக்கிறாயா! எங்கள் மேனேஜரிடம் சொன்னேன். "உங்க அக்கா பொண்ணுக்கு வயசு பத்தலையேப்பா, இல்லன்னா உன் வேலைய அதுக்குக் குடுத்துடுவேன்" என்றார். ஆபீஸே சிரித்தது.

உம்முசல்மா அம்மாவை ஏன் விட வேண்டும்? வட்டி வேண்டாம் என்கிறவர்களுக்கு, வட்டியே இல்லாத திட்டம் இது. இதை முதலில் சொல். இதை மட்டும் சொன்னாலே போதும். குலுக்கலை நீயாக எடுக்காதே. கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். இத்தனை நூறு பேரில் அவர்கள் பெயரா விழப்போகிறது? அவர்களுக்கு அது ஒரு பத்திரமான உண்டியல், அவ்வளவுதான்.

போஸ்ட் ஆபீஸ் வேறு, இது வேறு. அங்கே கால் கடுக்க நிற்க வேண்டும். இங்கே நான் வீட்டுக்கே வருகிறேன்.

அகராதியை மறக்கவில்லை. படிப்பைக் கவனி.

அன்புடன்,
கோதண்டபாணி மாமா


காஞ்சிபுரம்
8-7-1974

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே மழை இரண்டு நாள் பெய்தது, எல்லோரும் நலம். அத்தை ரசம் சாதத்தோடு நிறுத்தாமல் கீரையும் சாப்பிட வேண்டும் என்று அம்மா சொல்கிறாள்.

பத்துப் பேர் சேர்ந்துவிட்டார்கள். பத்தாவது ஆள் உம்முசல்மா அம்மா. நான் போனபோது கலீமுல்லா பாயும் இருந்தார். தென்னேரியில் ஒரு கல்யாண வீட்டுக்கு மெத்தை தைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார், தாடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. எனக்கு முறுக்கு கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"வட்டி இருக்குதாம்மா இதுல?"

"ஒரு பைசா கிடையாது பாய். நீங்க போடறதுதான் திரும்பி வரும்."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்ல பாய்."

வேறு என்றால் எது என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. அவருக்குத் தமிழ் படிக்க வராது. சித்தாரா குழாயடிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். அவள் குடத்தோடு வருகிற சத்தம் கேட்டதும் நோட்டீஸை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று பிறகு யோசித்தேன்.

உம்முசல்மா அம்மா முந்தானை முடிச்சிலிருந்து பத்து ரூபாயை எடுத்தார். "அல்லா உனக்கு நல்ல படிப்பக் குடுக்கட்டும் பேட்டா. உன் சொல்ல நம்பித்தான் பாய் சரின்னாரு" என்றார்.

மாமா, கேட்டால் சொல்லலாம் என்றுதானே எழுதினீர்கள்? அவர் கேட்டது அந்தக் கேள்விதானா என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தைக்கு என் வணக்கம்.

அம்சவேணி


வேலூர்
19-7-1974

சிரஞ்சீவி அம்சாவுக்கு,

அநேக ஆசிகள். இரண்டு பேரும் சுகம், கீரை உண்டு என்று அக்காவிடம் சொல்.

பார்சல் தனியாக வருகிறது. நல்ல பைண்டிங், மழையில் நனையாமல் வாங்கிக்கொள். முதல் பக்கத்தில் உன் பெயரை நானே எழுதியிருக்கிறேன்.

வீணாகக் குழப்பிக்கொள்ளாதே. நீ அந்த அம்மாவுக்கு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறாய். பார்சல் கிடைத்ததும் இரண்டு வரி எழுது.

மாமா


காஞ்சிபுரம்
10-10-1974

மாமாவுக்கு,

வணக்கம். அகராதி வந்ததற்கு அன்றே கார்டு போட்டேன். அதற்குப் பிறகு எழுதவில்லை, மன்னிக்கவும். இங்கே எல்லோருக்கும் உடம்பு சரியாகவே இருக்கிறது. அத்தையின் வளைகாப்புக்கு அம்மா மட்டும் வருவாள். நான் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குலுக்கலில் யார் பெயர் விழுந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மறுநாள் இங்கே நடந்தது தெரியுமோ என்னவோ, எழுதுகிறேன்.

காலாண்டு லீவு என்பதால் வீட்டில் இருந்தேன். வெயில் உச்சியில் இருக்கும்போது மைக் சத்தம் கேட்டது. "பொன்மலரின் அதிர்ஷ்டசாலி! உம்முசல்மா அம்மாளுக்கு ஐந்நூறு ரூபாய் தையல் மிஷின்! நாளை நீங்களாகவும் இருக்கலாம்!" ஓடினேன். ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் மைக். பின்னால் வந்த இன்னொன்றில் மிஷின், கால் மிஷின், கறுப்பும் பொன்னுமாக. அதற்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். சித்தாராவின் தெருவுக்குள் போய் அவள் வீட்டு வாசலில் மிஷினை இறக்கி வைத்ததும், கூட வந்த மேளக்காரர் அடிக்க ஆரம்பித்தார். நோன்பு மாதம், மாமா. தெருவே வாய் உலர்ந்து படுத்திருக்கும் நேரம்.

உம்முசல்மா அம்மா கதவை ஒரு கை அளவு திறந்தார். மைக் பிடித்தவர், "தொட்டுப் பாரும்மா, உன்னுதுதான்!" என்றார். திரைக்குப் பின்னாலிருந்து கை வெளியே வந்தது. மிஷினின் சக்கரத்தை லேசாக ஒரு தரம் சுற்றியது. அது சத்தமே இல்லாமல் சுழன்றது. வாடகை மிஷின் கடகடவென்று தெருக்கோடி வரை கேட்கும்.

அப்போதுதான் பள்ளிவாசலிலிருந்து தொழுகை முடிந்து ஆண்கள் எல்லோரும் ஒன்றாக வந்தார்கள். கலீமுல்லா பாய் முன்னால் வந்தார். மனைவியைக் கேட்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்னம்மா இது?"

"குலுக்கல்ல... உங்க பேரு வந்துச்சி பாய்."

"குலுக்கலா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் திரும்பி ரிக்‌ஷாக்காரரிடம், "எடுத்துக்கினு போ பா" என்றார்.

"இன்னா பாய், ஓசியில வர்ற மிஷின வேணாங்கிற?"

"எடுத்துக்கினு போ பா. நோன்பு நேரம்."

உங்கள் ஆபீஸ்காரர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று காகிதத்தை நீட்டிக்கொண்டே இருந்தார். கதவு சாத்திக்கொண்டது. மைக் மட்டும் நிற்கவில்லை. வேண்டாம் என்றவர் பெயரையே சொல்லிக்கொண்டு தெருத்தெருவாக இருட்டும்வரை போனது. இப்போது பையன்கள் அவரை "லாட்டரி பாய்" என்று கூப்பிடுகிறார்கள். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

இன்று பள்ளிக்கூடம் திறந்தது. சித்தாரா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீ படிச்சிட்டுத்தானே வந்து சொன்ன?" பிறகு பையை எடுத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

அவர்கள் கட்டிய நாற்பது ரூபாயை உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், மாமா. அந்த மிஷினுக்கு ஆரம்பம் அதுதான். அவருக்கு வேறு சேமிப்பு இல்லை.

அம்சவேணி


வேலூர்
14-10-1974

சிரஞ்சீவி அம்சாவுக்கு,

ஆசிகள். அத்தைக்குக் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மற்றபடி பயமில்லை.

கையில் வந்த பரிசை வேண்டாம் என்கிறவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். அவர் மனம் அவருக்கு. வேறு பெயர் எடுத்து வாலாஜாபாத்தில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நாற்பது ரூபாய் விஷயம் கம்பெனி விதி. நடுவில் நின்றவர்களுக்குக் கடைசியில்தான் வரும், எங்கும் ஓடிவிடாது. பரிசுப் பொருளாக மிஷினையே எடுத்து வீட்டுக்கு ஊர்வலமாகக் கொண்டுபோகலாம் என்று மேனேஜரிடம் சொன்னது நான்தான். அந்த அம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

நாலு நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். நீ வளைகாப்புக்கு வா. அத்தை உன்னைக் கேட்கிறாள்.

மாமா


காஞ்சிபுரம்
3-11-1974

மாமாவுக்கு,

வணக்கம். வளைகாப்பு நன்றாக நடந்ததாகவும் அத்தை இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல் போட்டிருந்ததாகவும் அம்மா சொன்னாள். சந்தோஷம்.

நேற்று அம்மா பேரீச்சம்பழம் வாங்கிவர ஷரீஃப் பாய் கடைக்கு அனுப்பினாள். ராஜ வீதி முனையில் இருக்கிறதே, பழக்கடை. அவர் நிறுத்துக்கொண்டே, "நீ கோதண்டபாணி சாரோட அக்கா பொண்ணுதானே? நல்ல மனுஷனாச்சே" என்றார். எனக்கு நெஞ்சு லேசானது. யாரோ ஒருவர் உங்களை நல்லவர் என்று சொல்லிக் கேட்க வேண்டும்போல் இருந்தது. அவர் மேலே சொன்னார்:

"மூணு வருசம் முன்னாடி எனக்குப் போஸ்ட் ஆபீஸ்ல போட்டுக் குடுத்தது அவருதான். வட்டி வருமே சார், நமக்கு ஆவாதேன்னேன். வந்தா அத எடுத்து ஏழபாழைக்குக் குடுத்துடுங்க பாய், உங்க மொதலு பத்திரமா இருக்கும், கேட்டப்போ கைக்கு வரும்னாரு. நானும் எங்க பள்ளிவாசல் ஹஜரத்தக் கேட்டேன். சரின்னாரு. அப்படித்தான் செஞ்சிக்கினு வரேன்."

பழத்தை வாங்காமலே வந்துவிட்டேன். அம்மா திட்டினாள்.

வட்டி வேண்டாம் என்கிறவர்களுக்கு என்ன வழி என்பது உங்களுக்கு மூன்று வருஷத்துக்கு முன்பே தெரியும். உம்முசல்மா அம்மாவுக்கு ஏன் அதைச் சொல்லவில்லை? போஸ்ட் ஆபீஸ் நல்லதா, இது நல்லதா என்று ஜூன் மாதம் கேட்டேன். கால் கடுக்க நிற்க வேண்டும் என்று பதில் எழுதினீர்கள். அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். நான் கேட்டதற்கு அது பதிலே இல்லை.

பெரியவர்களை இப்படிக் கேட்பது தப்பு என்று தெரியும். ஆனால் நான் போய்ச் சொன்ன பத்து வீட்டிலும் உங்களை யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. என்னைத்தான் தெரியும்.

அத்தை உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அம்சவேணி


காஞ்சிபுரம்
8-12-1974

மாமாவுக்கு,

வணக்கம். பெண் குழந்தை பிறந்திருப்பதாக அம்மாவுக்கு எழுதியிருந்தீர்கள். தாயும் சேயும் நலம் என்றும், முடி நிறைய இருக்கிறது என்றும் படித்தேன். எனக்கு ஒரு வரியும் இல்லை. "அம்சா எப்படி இருக்கிறாள்" என்றுகூட இல்லை.

தீபாவளிக்கு முன்னால் சந்தா வாங்க வந்தபோதும் நான் பள்ளிக்கூடம் விடுவதற்குள் போய்விட்டீர்கள். நம் வீட்டுக்கு வரவே இல்லை. இந்த மாதமும் அப்படியே. தில்லையம்மாள்தான் சொன்னார்: "உங்க மாமா தல குனிஞ்சிக்கினே வந்து தல குனிஞ்சிக்கினே போனாரு."

என் கேள்வி அப்படியே இருக்கிறது.

பாப்பாவுக்கு முத்தம்.

அம்சவேணி


வேலூர்
18-12-1974

அம்சாவுக்கு,

அத்தையும் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத வரவில்லை.

போஸ்ட் ஆபீஸில் நூறு ரூபாய் போட வைத்தால் எனக்கு ஒரு ரூபாய் வரும். உம்முசல்மா அம்மா மாதம் பத்து ரூபாய் போட்டால் எனக்குப் பத்துப் பைசா. வேலூரிலிருந்து பஸ்ஸுக்கே காணாது. பொன்மலரில் சேர்கிறவர் கட்டுகிற முதல் மாதச் சந்தா முழுக்க ஏஜென்டுக்கு. பத்து ரூபாயும். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அதனால்தான் புது ஆள், புது ஆள் என்று ஓடுகிறேன். உன் அகராதியும் அந்தப் பணத்தில் வாங்கியதுதான்.

ஷரீஃப் பாய்க்கு நான் வழி சொன்ன நாளில் பொன்மலர் கம்பெனி இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். நான் அப்போதும் இதே ஆள்தான்.

பி.ஏ. முடித்து ஐந்து வருஷம் ஆகிறது, அம்சா. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று நினைத்தும் எழுதிவிட்டேன்.

அக்காவிடம் இதைக் காட்டாதே. மற்றபடி உன் இஷ்டம்.

கோதண்டபாணி


காஞ்சிபுரம்
12-1-1975

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். பாப்பாவுக்குச் சளி என்று கேள்விப்பட்டோம், குறைந்ததா? அம்மா ஓமம் வறுத்துத் துணியில் முடிந்து கொடுத்தனுப்புகிறாள்.

உங்கள் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. ஆனால் அதில் இருப்பதைச் சொல்லிவிட்டேன். நான் சேர்த்த வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போனேன். இந்தத் தடவை தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போகவில்லை. முதல் மாதப் பத்து ரூபாய் மாமாவுக்கு, அதில் எனக்கு ஒரு புத்தகம். போஸ்ட் ஆபீஸில் போட்டிருந்தால் உங்களுக்கு வட்டி வந்திருக்கும், இதில் வராது, வட்டி இல்லாதது உங்களுக்கு லாபம் இல்லை, நஷ்டம். இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போய்ச் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தில்லையம்மாள் பட்டு நூல் இழைத்துக்கொண்டிருந்தார். முழுவதும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பத்து ரூவாதானா? போவட்டும். நடந்து நடந்து அந்த மனுசனுக்குச் செருப்பு தேயுது."

"இல்லங்க, அந்தக் காசுக்காகத்தான் இதச் சொன்னோம்."

"காசுக்காகச் சொல்லாம? பொடவக்கடக்காரன் தனக்கு எவ்ளோ நிக்குதுன்னு என்னிக்காவது வாயத் தொறந்து சொல்லியிருக்கானா? நீ சொல்ற பாரு! இந்தக் காலத்துல எவ சொல்வா?" பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏ மேரி, இங்க வா! இந்தப் பொண்ணு தன் மாமன் கமிசனையே சொல்லுது. இதுல நம்பிப் போடலாம்!"

மாமா, நான் கையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றேன். மேரி அக்கா நான் கூச்சப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

உம்முசல்மா அம்மாவிடமும் சொன்னேன். வாடகை மிஷினை நிறுத்தாமல் கேட்டார். நூல் அறுந்தது, கோத்துக்கொண்டே, "தண்ணி குடிக்கிறியா?" என்றார். நான் குடித்தேன். சித்தாரா உள்ளேயிருந்து வரவில்லை. இன்னமும் கடைசி பெஞ்சில்தான் உட்காருகிறாள்.

அம்சவேணி


வேலூர்
20-1-1975

சிரஞ்சீவி அம்சாவுக்கு,

ஆசிகள். ஓமம் வந்தது, குழந்தை தூங்குகிறது.

பொங்கல் கழிந்து சந்தா வாங்க வந்தேன். உங்கள் தெருவில் ஆறு புதுப் பெயர்கள். நான் யாரையும் கேட்கவில்லை, அவர்களாகவே கூப்பிட்டார்கள். மேரி என்கிற அம்மாள், "அம்சா எல்லாத்தையும் ஒளிக்காமச் சொல்லிடுச்சி சார், இனிமே எங்களுக்குப் பயம் இல்ல" என்று இரண்டு சீட்டு போட்டார். திருப்பிக் கொடுக்கத்தான் நினைத்தேன். பால் டப்பா விலை உனக்குத் தெரியாது. வாங்கிக்கொண்டேன்.

இந்த ஆறும் நீ சேர்த்ததுதான். ஆளுக்கு இரண்டு ரூபாயாக உனக்குப் பன்னிரண்டு ரூபாய் மணியார்டர் செய்திருக்கிறேன். வேண்டாம் என்றால் உன் இஷ்டம்.

இனிமேல் நீ அவர்களிடம் ஒன்றும் சொல்லாமலிருப்பது நல்லது. சொல்லச் சொல்ல ஆள் சேருகிறது.

மாமா


காஞ்சிபுரம்
16-2-1975

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். பாப்பா குப்புற விழ ஆரம்பித்துவிட்டாளா? இங்கே அம்மாவுக்கு உங்கள் தைலத்தில் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. எனக்கு அடுத்த மாதம் பரீட்சை.

மணியார்டரை வாங்கவில்லை. தபால்காரர், "வர்ற காசத் திருப்பி அனுப்பற ஆள இன்னிக்கித்தான் பாக்கறேன்" என்றார். அம்மாவிடம் விலாசம் தப்பு என்று சொல்லிவிட்டேன்.

போன சனிக்கிழமை உம்முசல்மா அம்மா நம் வீட்டு வாசலுக்கே வந்தார். ஷரீஃப் பாய் கலீமுல்லா பாயிடம் பேசினாராம். வட்டி வந்தால் எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது என்று ஒத்துக்கொண்டார்களாம். "ஃபாரம் எழுதத் தெரியாது. சித்தாராவுக்கு ஜுரம். நீ வர்றியா பேட்டா?" என்றார். கூப்பிட்டாரே என்று எனக்கு அழுகை வந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

போஸ்ட் ஆபீஸில் கூட்டம். பெஞ்சில் உட்கார்ந்து ஃபாரத்தை நிரப்பினேன். ஒவ்வொரு வரியையும் அவருக்குப் படித்துக் காட்டி, அர்த்தம் சொல்லி, பிறகுதான் எழுதினேன். வட்டி எவ்வளவு என்பதையும், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதையும் சொன்னேன். குலுக்கல் கிடையாது என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் உருதுவில் கையெழுத்துப் போட்டார். கவுண்டருக்கு வந்தோம். பர்ஸிலிருந்து இருபது ரூபாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, நீட்டாமல் நின்றார்.

"இதுல உனக்கு எவ்ளோ பேட்டா?"

"ஒண்ணும் இல்லம்மா."

"வாங்கறது தப்புன்னு சொல்லல. எவ்ளோன்னு சொல்லிடு. அப்புறமாத் தெரிய வேணாம்."

"நெஜமாவே ஒண்ணும் இல்லம்மா. நான் சும்மாதான் வந்தேன்."

"சும்மா யாரு வெயில்ல கூட வருவாங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. முகத்திரையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் நான் என்ன சொன்னாலும் நிற்காது என்று தெரிந்தது. இருபது ரூபாயை மறுபடி மடித்தார். உள்ளே இருந்த குமாஸ்தா, "பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்கம்மா. போடறீங்களா, இல்லையா?" என்று சத்தம் போட்டார். அவர் பர்ஸைத் திறந்து பணத்தை உள்ளே வைக்கப்போனார்.

"நாலணா," என்றேன்.

"என்ன?"

"எனக்கு நாலணா கெடைக்கும்மா."

அவர் முகம் தெளிந்துவிட்டது, மாமா. "அப்படிச் சொல்லு. இதச் சொல்ல என்ன வெக்கம்?" என்று சிரித்துக்கொண்டே இருபது ரூபாயையும் கவுண்டருக்குள் தள்ளினார். திரும்பி வரும்போது ரோட்டைக் கடக்கிற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அந்த நாலணா யாரும் தரவில்லை. ஆனாலும் யாரோ தந்துவிட்டதுபோலவே கை இருக்கிறது. இதை உங்களைத் தவிர யாருக்கும் எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை சித்தாரா ஜுரம் சரியாகிப் பள்ளிக்கூடம் வந்தாள். கடைசி பெஞ்சுக்குப் போகாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா சொன்னாங்க. இந்தத் தடவ ஒண்ணுகூட ஒளிக்காமச் சொல்லிட்டியாமே" என்றாள். நான் சரித்திரப் புத்தகத்தைத் திறந்து அவளுக்கும் எனக்கும் நடுவில் வைத்தேன்.

அத்தைக்கு வணக்கம், பாப்பாவுக்கு முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்சவேணி